மதிலா, சித்திரமா? டிரான்சில்வேனியாவின் கோட்டைத் தேவாலயங்களில் எதற்குப் போவது

"ரெண்டு நாள்தான் கையில இருக்கு அண்ணே. கோட்டை மாதிரி இருக்கிற பழைய சர்ச் ஒண்ணு பார்க்கணும், உள்ளே நல்ல ஓவியமும் இருக்கணும். எதுக்குப் போகட்டும்?" என்று ருமேனியா கிளம்பிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் கேட்டார். போனில் அரைமணி நேரம் பேசியும் விஷயம் தீரவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: மதில் பார்க்கவா, சித்திரம் பார்க்கவா? "ரெண்டும்தான்" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஊர்ப்பக்கம் மதில் பெருத்த இடத்தில் சித்திரம் சிறுத்திருக்கும், சித்திரம் நிறைந்த இடத்தில் மதிலைத் தேட வேண்டியிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

ருமேனியாவின் நடுவிலுள்ள டிரான்சில்வேனியாவின் தென்பாதியில் இப்படி அரண்கட்டிய தேவாலயங்கள் நூற்றைம்பதுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. கட்டியவர்கள் ஜெர்மன் பேசிய குடியேறிகள். சாக்சன்கள், அதாவது ஜெர்மனியின் சாக்சனிக்காரர்கள் என்று பெயர். பெயர்தான் அப்படி, 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர் இரண்டாம் கேஸா அழைத்துக் குடியேற்றிய இவர்களில் பெரும்பாலோர் ரைன், மோசல் ஆற்றோரத்திலிருந்தும் லக்சம்பர்க் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அரசர் கொடுத்த நிலத்தில் யாருக்கும் அடிமையில்லாத குடியானவர்களாக வாழ்ந்தார்கள். 1241இல் மங்கோலியர் வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியர் படையெடுப்பு வழக்கமாகிவிட்டது. பெரிய நகரங்கள் தங்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டன. கிராமத்துக்கு அந்த வசதி ஏது? ஊரில் கல்லால் கட்டிய பெரிய கட்டடம் தேவாலயம் ஒன்றுதான். அதையே கோட்டையாக்கினார்கள்.

ஆக, மதில் என்பது ஊரார் தங்கள் உயிருக்காகத் தாங்களே எழுப்பிக்கொண்டது. சித்திரத்துக்கு வேறு ஆள் வேண்டும்: கையில் காசும், தன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் உள்ள ஒரு பிரபு, அல்லது மிதமிஞ்சிச் சம்பாதித்த ஒரு ஊர்.

மதில் என்றால் பிரெஷ்மெர்தான், இரண்டாவது பேச்சே இல்லை. பிரஷோவ் நகரிலிருந்து பதினைந்து, பதினெட்டு கிலோமீட்டர். 12 மீட்டர் உயரச் சுவர், சில இடங்களில் கனம் நாலைந்து மீட்டர். உள்ளே நுழைவதே ஒரு அனுபவம்: முப்பது மீட்டர் நீளத்துக்கு இருட்டான, வளைகூரையிட்ட ஒரு வழி, மேலிருந்து இறக்கும் இரும்புக் கிராதிக்கதவு, அப்புறம் திடீரென்று வெளிச்சம், வட்டமான முற்றம், நடுவில் தேவாலயம். நாங்கள் போனபோது மாமியாரும் கூட வந்திருந்தார். முற்றத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இது கோயிலா, சத்திரமா?" என்றார்.

கேள்வி சரியானதுதான். மதிலின் உட்புறம் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறைகள், மூன்று நான்கு அடுக்காக, 270க்கும் மேல். மரப்படிகளும் மரத் தாழ்வாரங்களும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. ஒவ்வொரு கதவிலும் எண். ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. படை வருகிறது என்று மணியடித்தால் அவரவர் தங்கள் எண்ணுக்குப் போய்ச் சேர வேண்டியது. அமைதிக் காலத்தில் அதே அறைதான் அந்த வீட்டுக் குதிர்: தானியம், உப்புக்கண்டம், பன்றிக் கொழுப்பு. முற்றுகை என்றைக்கு வரும் என்று தெரியாதே, சாப்பாடு எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். ஓர் அறையைப் பள்ளிக்கூடமாகவே வைத்திருந்தார்கள்; பெஞ்சும் கரும்பலகையுமாக இன்றும் காட்டுகிறார்கள். வெளியே எதிரி நிற்கிறான், உள்ளே வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். அந்த அறையில் மாமியார் வெகுநேரம் நின்றார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை.

இன்னும் மேலே ஏறினால் மதிலின் உச்சியில் கூரைபோட்ட சுற்றுவழி. குனிந்துதான் நடக்க வேண்டும். அம்புத்துளை வழியாக வெளியே பார்த்தால் இப்போது தெரிவது யாரோ காயப்போட்ட துணி. அங்கே 'மரண ஆர்கன்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்: ஒரு பலகையில் வரிசையாகப் பல துப்பாக்கிக் குழல்கள், எல்லாம் ஒரே வீச்சில் வெடிக்கும். இந்தக் கோட்டை ஒரே ஒரு முறைதான் விழுந்தது, 1611இல், டிரான்சில்வேனிய இளவரசர் காபிரியேல் பாத்தோரியின் படையிடம் என்று ஊரில் சொல்வார்கள்.

சரி, ஓவியம்? தேவாலயத்துக்கு அடிபோட்டவர்கள் தியூத்தோனிய வீரத்துறவிகள், அதாவது வாளேந்திய ஜெர்மானியத் துறவிகள். இவர்களை 1211இல் அழைத்த ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவே 1225இல் துரத்தியும் விட்டார். பிறகு சிஸ்டர்சியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் கைக்கு வந்து, கூர்மையான வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் முடிந்தது. நாலு கையும் சமமான கிரேக்கச் சிலுவை வடிவ அமைப்பு, அந்தப் பக்கத்தில் அபூர்வம். பீடத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டு நடுவில் வரைந்த, மூன்று பாகமாக விரியும் பலகை ஓவியம்: நடுவில் சிலுவையேற்றம், இருபுறமும் இயேசு பட்ட பாடுகளின் காட்சிகள். டிரான்சில்வேனியாவில் மிஞ்சியிருக்கும் பழைய பீட ஓவியங்களில் இதுவும் ஒன்று. நல்ல ஓவியம்தான். ஆனால் வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே அது ஒன்றே ஒன்று. பத்து நிமிஷம் பார்க்கலாம், அதற்குமேல் கண் தானாக வெளியே மதிலுக்குப் போய்விடும்.

அந்தக் குறையை ஓரளவு தீர்க்க வழி உண்டு. பிரஷோவிலிருந்து பிரெஷ்மெர் போகும் திசையிலேயே ஹர்மன் இருக்கிறது. ஜெர்மன் பெயர் ஹோனிக்பெர்க், அதாவது தேன்மலை. இங்கும் வட்ட மதில், அறைகள் எல்லாம் உண்டு. ஆனால் பிரெஷ்மெரைப் பார்த்தவருக்கு அவை பெரிதாகத் தெரியாது. விசேஷம் கிழக்குப்புறக் கோபுரத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரு சின்னச் சிற்றாலயம், சுவரெல்லாம் 15ஆம் நூற்றாண்டு ஓவியம், முக்கியமாக இறுதித் தீர்ப்பு. 16ஆம் நூற்றாண்டில் சாக்சன்கள் கத்தோலிக்கத்தை விட்டு மார்ட்டின் லூத்தரின் வழிக்கு மாறிய சீர்திருத்தத்துக்குப் பிறகு சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தார்கள், 20ஆம் நூற்றாண்டில்தான் சுரண்டி எடுத்தார்கள். மூடியவர்கள்தான் காப்பாற்றியும் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். படங்கள் அங்கங்கே உதிர்ந்து வெளிறிப்போயிருக்கின்றன. நரகத்துப் பக்கம் மட்டும் எப்படியோ கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

பிரஷோவில் தங்கியிருப்பவர், கார் ஓட்டாதவர், இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நகரிலிருந்து பஸ் உண்டு. மாலையில் திரும்பி வந்து ஊர் நடுவிலுள்ள கறுப்புத் தேவாலயத்தையும் பார்க்கலாம். அது கோட்டைத் தேவாலயம் அல்ல, நகரத்துப் பெரிய கோதிக் கட்டடம். ஆனால் உள்ளே தொங்கும் துருக்கிக் கம்பளங்களுக்காகவே போக வேண்டும், நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. துருக்கியனுக்குப் பயந்து ஊர் ஊராக மதில் எழுப்பிய அதே ஜனங்கள், துருக்கியனிடமே கம்பளம் வாங்கித் தேவாலயத்துக்குக் காணிக்கை கொடுத்திருக்கிறார்கள். வியாபாரம் வேறு, சண்டை வேறு.

இனி பியெர்தான். படங்களில் எல்லாரும் பார்த்திருப்பது இதைத்தான். யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1993இல் முதலில் சேர்த்ததும் இதையே. பிரெஷ்மெர், விஸ்க்ரி உள்ளிட்ட ஆறு ஊர்கள் 1999இல்தான் சேர்ந்தன. சிகிஷ்வாரா நகரிலிருந்து பியெர்தான் முப்பது கிலோமீட்டருக்குள். குன்றின் மேல் தேவாலயம், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில் வளையம், நடுநடுவே கோபுரங்கள், கீழிருந்து மேலே கூரைபோட்ட மரப்படிக்கட்டு. திராட்சைத் தோட்டங்களால் கொழுத்த ஊர் இது. காசு இருந்தது, அதனால் மதிலும் வந்தது, சித்திரமும் வந்தது. மேலே நான் சொன்ன விதிக்கு விலக்கு என்று ஒன்று உண்டென்றால் பியெர்தான்தான்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்த மண்டபம், மூன்று பிரிவும் ஒரே உயரம், மேலே வலைபோல் பின்னிய கல் விலா எலும்புகள். டிரான்சில்வேனியாவில் கோதிக் பாணி மூச்சை விடுவதற்கு முன் கட்டிய கடைசிப் பெரிய தேவாலயங்களில் ஒன்று. பீடத்தில் 28 பலகை ஓவியங்கள் கொண்ட மடிப்புத் தொகுதி, அந்த நாட்டிலேயே பெரியது. நடுவில் சிலுவையடிச் சிற்பத் தொகுதி, சுற்றிலும் மரியாளின் வாழ்க்கை. 1483இல் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் பகுதி பகுதியாகச் சேர்ந்தது. வியன்னாப் பக்கத்து ஓவியப் பாணியின் சாயல் நன்றாகவே தெரியும். இது முடிந்து ஒரு தலைமுறை போவதற்குள் சாக்சன்கள் மொத்தமாக லூத்தரன் ஆகிவிட்டார்கள். 1572 முதல் 1867 வரை அவர்களுடைய ஆயரின் இருப்பிடம் இந்தச் சின்ன ஊர்தான். மரியாள் ஓவியங்களைத் தூக்கி எறியாமல் லூத்தரன் ஆயர்கள் முன்னூறு ஆண்டு அதன் அடியிலேயே பிரசங்கம் செய்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பியெர்தானில் மக்கள் கூடி நிற்பது அந்த 28 ஓவியங்களுக்கு முன்னால் அல்ல, இடதுபக்கம் இருக்கும் ஒரு கதவுக்கு முன்னால். 1515ஆம் ஆண்டுக் கதவு. பொக்கிஷம் வைத்த அறையுடையது. முன்பக்கம் மரத்தில் மரம் பதித்த பூவேலை. சுற்றிப் போய்ப் பின்பக்கம் பாருங்கள். கதவின் முதுகு முழுக்க இரும்பு: தண்டுகள், கொக்கிகள், பல்சக்கரம். ஒரு திருப்புத் திருப்பினால் பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே நீளும். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு இதை எடுத்துப் போய்க் காட்டினார்கள். எங்கள் குழுவில் ஒரு ருமேனியப் பையன் மூன்று முறை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான், அவன் அம்மா இழுத்துக்கொண்டு போனார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கருமான் பட்டறையில் அடித்த தாழ்கள்.

மதிலுக்குள்ளேயே ஒரு சின்ன அறையையும் காட்டுவார்கள். விவாகரத்து கேட்டு வரும் தம்பதியை அதில் இரண்டு வாரம் பூட்டிவைப்பார்களாம். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி. முன்னூறு வருஷத்தில் ஒரே ஒரு ஜோடிதான் பிரிந்தது என்பது வழிகாட்டிகளின் கணக்கு. எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டிருந்தவளையும் அதே அறையில்தானே பூட்டியிருப்பார்கள் என்றாள்.

பியெர்தானின் குறை, பீட ஓவியத்துக்குக் கிட்டத்தில் போய் நிற்க முடியாது என்பது. 28 பலகையும் தூரத்திலிருந்து பார்க்க ஒரு தங்கப் பலகணி மாதிரித் தெரியும், அவ்வளவுதான். கைக்கு அடக்கமான பைனாகுலர் ஒன்று இருந்தால் கொண்டுபோங்கள். மதிலிலுள்ள கத்தோலிக்கர் கோபுரத்துக்குள்ளும் சுவரோவியம் உண்டு. ஊரே மதம் மாறியபோது மாறாமல் நின்ற சிலருக்கு ஒதுக்கிய கோபுரம் அது. அதையும் தவறவிடாதீர்கள், கேட்காவிட்டால் யாரும் காட்டமாட்டார்கள்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஓவியத்துக்காகத்தான் போகிறீர்கள் என்றால் பியெர்தான் அல்ல, அதன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கும் மலன்கிராவ்.

சிகிஷ்வாராவுக்கும் மெடியாஷுக்கும் நடுவே லஸ்லெயா என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சாலை அந்த ஊரோடு முடிந்துவிடும். குன்றின் மேல் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். மதில் இருக்கிறது, ஆனால் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். பிரெஷ்மெரைப் பார்த்த கண்ணுக்குத் தோட்டத்து வேலி மாதிரி இருக்கும். காரணம் இதுதான்: மலன்கிராவ் அரசர் கொடுத்த சுதந்திர நிலத்தில் இல்லை. அபாஃபி என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் சொத்து. குடியானவர்கள் பண்ணையாட்கள். தங்களுக்கென்று கோட்டை எழுப்பிக்கொள்ளும் உரிமையும் வலுவும் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? பிரபுவுக்கு வேண்டியது மதில் அல்ல, மகிமை. சுவர் முழுக்க வரையச் சொன்னார். ஊராருக்கு மதில் கிடைக்காத அதே காரணத்தால்தான் நமக்கு ஓவியம் கிடைத்திருக்கிறது.

நாங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போனோம், தப்பு எங்களுடையது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, அரைமணி நேரத்தில் ஒரு வயதான அம்மா சாவியோடு மேடேறி வந்தார். உள்ளங்கையைவிட நீளமான சாவி. கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். முதலில் வடக்குச் சுவர் தெரியும்: மேலிருந்து கீழே வரிவரியாக, கட்டம் கட்டமாக, விவிலியக் கதைகள். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேலை. செம்மண் நிறம், கறுப்புக் கோடு, ஆழம் காட்டாத தட்டையான உருவங்கள். படிக்கத் தெரியாத ஜனங்களுக்குச் சுவரே புத்தகம். பக்கவாட்டில் நடந்துகொண்டே பார்த்தால் கதை நகரும். பிறகு பீடப்பகுதிக்குள் போனால் வேறொரு உலகம். 1400ஐ ஒட்டிய காலத்தில் வரைந்தவை, அன்றைய ஐரோப்பிய அரசவைகளின் கோதிக் பாணி. உருவங்கள் மெலிந்து நீண்டிருக்கின்றன, உடையின் மடிப்புகள் தண்ணீர்போல் வழிகின்றன, முகங்களில் மென்மை. சுவர், மேல்வளைவு, ஜன்னலோரம், விலா எலும்புகளின் இடுக்கு என்று ஒரு சாண் இடம் விடவில்லை. இரண்டு தலைமுறைக்குள் ஒரு கலை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைப் பத்து அடி நடந்து தெரிந்துகொள்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பீடத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டுப் பலகை ஓவியத் தொகுதி வேறு. பியெர்தானில் தூரத்தில் இருந்தது இங்கே கைக்கெட்டும் தூரத்தில். தொடக் கூடாது, சொல்லத் தேவையில்லை.

ஒரு மணி நேரம் இருந்தோம். வேறு யாரும் வரவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாவிடம் காணிக்கைப் பெட்டியைச் சைகையில் கேட்டேன், கதவோரத்தைக் காட்டினார். டிரான்சில்வேனியாவின் கோதிக் சுவரோவியங்களில் முதன்மையானவற்றைப் பார்க்க இவ்வளவுதான் சடங்கு.

விஸ்க்ரியைப் பற்றிக் கேட்பீர்கள். இங்கிலாந்து மன்னர் சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது வீடு வாங்கிய ஊர், அதனால் பெயர் பரவிவிட்டது. வெள்ளை மதில், ஓட்டுக்கூரை, தெருவோரம் வாத்து, வீட்டு வாசலில் கம்பளிக் காலுறை விற்கும் பெண்கள்; புகைப்படத்துக்கு இதைவிட அழகான கிராமம் இல்லை. தேவாலயத்துக்குள் வண்ணம் தீட்டிய மர மாடமும் கட்டம் போட்ட மரக்கூரையும் மனசுக்கு இதமானவை. ஆனால் அவையெல்லாம் பிற்கால நாட்டுப்புற வேலை. கோதிக் ஓவியம் தேடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை. நேரம் இருந்தால் ஊருக்காகப் போங்கள். தர்ஜியூ என்றொரு ஊரும் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு: சாக்சன்கள் இல்லை, ஹங்கேரி மொழி பேசும் செக்கேய்கள், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபையின் தேவாலயம், 1419ஆம் ஆண்டுச் சுவரோவியத்தில் குதிரைமேல் ஹங்கேரி அரசராக இருந்த புனித லாஸ்லோ. கோபுரத்துக்குள் பன்றிக் கொழுப்பைத் தொங்கவிடும் வழக்கம் அங்கே இன்னும் நிற்கவில்லை. நான் போனதில்லை, அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கு இது. கார் இல்லை, ஒரே நாள்: பிரஷோவில் தங்கி பிரெஷ்மெர், ஹர்மன். கார் உண்டு, ஒரே நாள்: சிகிஷ்வாராவில் தங்கி, காலையில் மலன்கிராவ், மதியத்துக்குமேல் பியெர்தான். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பியெர்தானை முதலில் பார்த்துவிட்டால் மலன்கிராவின் மதிலைப் பார்த்ததும் சப்பென்று போய், உள்ளே நுழையும் முன்பே மனசு சோர்ந்துவிடும். இரண்டு நாள் முழுசாகக் கையில் இருந்தால் இரண்டையும் செய்யலாம். பிரஷோவுக்கும் சிகிஷ்வாராவுக்கும் நடுவே இரண்டு மணி நேரப் பயணம். பெரியவர்கள் கூட வந்தால் பிரெஷ்மெர் சௌகரியம், முற்றம் சமதளம், மரப்படி ஏற முடியாவிட்டாலும் கீழேயே பாதி புரிந்துவிடும். பியெர்தானில் படி ஏறித்தான் ஆக வேண்டும். மாமியார் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

விசா விஷயத்தில் இப்போது கஷ்டம் குறைந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஐரோப்பா சுற்ற எடுக்கும் அதே விசா போதும். போகிற காலம் மே முதல் அக்டோபர் வரை நல்லது. குளிர்காலத்தில் பல தேவாலயங்கள் திறந்திருக்கும் நேரம் சுருங்கிவிடும், உள்ளே சூடேற்றும் வசதியும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. 1989க்குப் பிறகு சாக்சன்கள் கூட்டம் கூட்டமாக ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். பல ஊர்களில் ஆராதனைக்கு உட்கார விரல்விட்டு எண்ணும் ஆட்களே மிச்சம். 2016 பிப்ரவரியில் ரோட்பாவ், ரதேஷ் என்ற இரண்டு ஊர்களில் தேவாலயக் கோபுரங்கள் சில நாள் இடைவெளியில் இடிந்து விழுந்தன. அதனால் டிக்கெட் கேட்டால் பேரம் பேசாதீர்கள், டிக்கெட் இல்லாத இடத்தில் பெட்டியில் போடுங்கள், கையில் அந்த நாட்டுப் பணமான லேயு சில்லறையாக வைத்திருங்கள். மலன்கிராவுக்கு மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சாவி வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்த மேடு ஏற நேரமாகும்.